திரும்பி வந்த ஊதா டின்கள்

என் அக்காவின் வீட்டில் ஊதா ஒன்பது விதமாக இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட அவள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்பதுமே யாரோ ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், சுவரில் ஒரு முழம் பூசிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது வேண்டாம்" என்று கடைக்கே திருப்பிக் கொடுத்த டின்கள்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தோளில் ஒரே ஒரு பையோடு நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா ஏணிமேல் நின்றிருந்தாள். இறங்கி வரவில்லை.

"வந்துட்டியா, ஊர்சுத்தி? செருப்பை அங்கயே விடு. அந்தச் சுவர்ல சாயாதே, ஈரம்."

"ஆறு வருஷம் கழிச்சு உன் தங்கச்சி வர்றேன். உனக்குச் சுவர்தான் முக்கியமா?"

"நீ நல்லா காய்ஞ்சுதான் வந்திருக்கே. சுவர் இன்னும் காயலை."

அத்தான் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். அன்று விடுமுறை. டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் காதருகே வந்து சொன்னார். "பெண் பார்க்க வந்த அன்னைக்கு நான் ஊதாச் சட்டை போட்டிருந்தேன். இல்லைன்னா என்னையும் டின்னு மாதிரி திருப்பி அனுப்பியிருப்பா."

"இப்பவும் மூடி திறக்காமத்தான் வெச்சிருக்கேன். அனுப்பிடலாம்" என்றாள் அக்கா, ஏணிமேலிருந்து.

அவள் இருபத்திரண்டு வயதில் ஒரு பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கலர் மெஷின் அவள் பொறுப்பு. வாடிக்கையாளர் ஷேடு கார்டில் விரல் வைக்கும் எண்ணை மெஷினில் அழுத்தினால், வெள்ளைப் பெயிண்ட் டின்னுக்குள் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு என்று மை சொட்டுச் சொட்டாக விழும். பிறகு டின்னை மூடிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். கலந்த பெயிண்ட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்று முதலாளி பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தார். ஆனாலும் டின்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்தப் பலகை கண்ணில் படாதவர்கள் பெரும்பாலும் ஊதா வாங்கியவர்கள்தான்.

பச்சையோ மஞ்சளோ வாங்கினவர்கள் பிடிக்காவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துவிடுவார்கள். ஊதாவை மட்டும் யாராலும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஷேடு கார்டில் நகம் அளவுக்கு இருக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. சுவர் அளவுக்கு வளர்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறது. முதலாளி ஒருநாள் சலித்துப்போய், "இதையெல்லாம் எடுத்துட்டுப் போம்மா, கடையில கால் வைக்க இடமில்லை" என்றார். அக்கா அத்தானின் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

வருவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு டின்னின் மூடியிலும் அது ஏன் திரும்பி வந்தது என்று எழுதிவைத்தாள். அந்த மூடிகளை இன்றும் ஆணி அடித்துச் சமையலறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறாள். 'திராட்சை ரசம் கொட்டிய மாதிரி இருக்கிறதாம்.' 'மாமியாருக்கு மூச்சு முட்டுகிறதாம்.' 'காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் நீலமாகிவிட்டதாம்.' 'கணவருக்கு முதல் காதலியின் ஞாபகம் வருகிறதாம் (மனைவி சொன்னது).'

மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய நிறத்தோடுதான் அவள் தொழில் கற்றாள். மூச்சு முட்டிய ஊதாவைப் படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்கு அடித்து, மீதி மூன்றையும் மங்கலான மண் நிறத்தில் விட்டாள். மூச்சு முட்டவில்லை, தூக்கம் வந்தது. நீலமாக மாறியதை மத்தியான வெயில் எட்டாத குளியலறைக்கு அனுப்பினாள். திராட்சை ரசத்தைக் கதவுச் சட்டங்களுக்கு மட்டும் பூசி, பக்கத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி வைத்தபோது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பளிச்சென்ற வெள்ளையை ஊதாவுக்குப் பக்கத்தில் விடவே மாட்டாள். "ரெண்டும் கத்தும். நடுவுல நாம உட்கார முடியாது" என்பாள். ஹாலில் எல்லாமே ஊதாக் குடும்பமாக இருக்க, ஒரே ஒரு கடுகு மஞ்சள் தலையணை சோபாவில் கிடக்கும். அதை யாராவது எடுத்து உள்ளே வைத்துவிட்டால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

தெருப் பிள்ளைகள் அந்த வீட்டைக் கத்தரிக்காய் வீடு என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்துவிட்டு ஊரைவிட்டுப் போனேன். நான் இல்லாத அந்த வருடங்களில் கேலி செய்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி, "எங்க வீட்லயும் ஒரு சுவர்..." என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் அவள் கடை வேலையை விட்டுவிட்டாள். கான்ட்ராக்டர்கள் வீடு முழுவதையும் தாங்களே அடித்துவிட்டு, ஊதா என்ற பேச்சு வந்தால் மட்டும், "அதுக்கு ஊதாக்காவைக் கூப்பிடு" என்பார்கள். கட்டில் தலைமாட்டுச் சுவர், டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவர். எப்போதும் ஒரே ஒரு சுவர். ஒரு முழு வீட்டை யாரும் அவளை நம்பிக் கொடுத்ததில்லை.

டெய்லரம்மா கொடுத்தார்.

டெய்லரம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் தன் அண்ணன் வீட்டின் பின்னறையில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு இருந்தவர். அந்த அறைக்கென்று யாரும் நிறம் வாங்கியதில்லை. வீட்டுக்கு அடித்ததில் என்ன மிஞ்சுகிறதோ அது அங்கே வரும். பெரும்பாலும் கிரீம். இப்போது தைத்துச் சேர்த்ததில் ஒரு வரிசை வீட்டை வாங்கியிருந்தார். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் ஜன்னலே இல்லாத ஹால். முதல்நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு ஊதாத் துணி ஒன்றை எடுத்து வைத்தார். பழைய துண்டு, ஓரம் பிரிந்திருந்தது.

"இருபது வருஷம் முன்னால ஒரு பொண்ணுக்கு கவுன் தைச்சேன். அதுல வெட்டுனது. மிஷின் டிராயர்லயே வெச்சிருந்தேன். என் வீடு இந்த நிறத்துல இருக்கணும்."

"எந்தச் சுவர்?" என்றாள் அக்கா, பழக்கத்தில்.

"எந்தச் சுவரா? வீடும்மா. முழு வீடும்."

அக்கா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எனக்குத் தெரிந்து அவள் பேச்சின் நடுவில் எழுந்துபோனது அன்றுதான்.

அவளுக்கென்று ஒரு வேலை முறை உண்டு. நேராகச் சுவரில் அடிக்க மாட்டாள். ஒரு முழப் பலகையில் நிறத்தை இரண்டு கோட் அடித்து, அதை அந்த அறையிலேயே மூன்று நாள் மாட்டிவைப்பாள். வீட்டுக்காரர் காலையில், மத்தியானத்தில், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பார்த்துச் சொன்ன பிறகுதான் ரோலரைத் தொடுவாள். டெய்லரம்மா வீட்டில் எல்லா அறைக்கும் அப்படித்தான் செய்தாள். படுக்கையறைக்கு மழைமேக ஊதா, சமையலறைக்கு அதிலேயே பால் கலந்தது போன்ற வெளிர் நிறம். ஹாலுக்கு அந்தத் துணியின் நிறமே. ஹாலில் ஜன்னல் இல்லை, விளக்கும் இன்னும் மாட்டவில்லை. அதனால் அக்கா ஒயரில் தொங்கும் தன் மஞ்சள் பல்பை எரியவிட்டு, துணியையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இம்மிகூட வித்தியாசம் இல்லை. டெய்லரம்மா துணியை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறதென்று ஒரு நிமிடம் தேடினார். சிரித்தும்விட்டார்.

மூன்று வாரத்தில் வீடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை குடிவருவதாகப் பேச்சு. புதன்கிழமை ஹால் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் அக்கா பென்சிலால் கலவையை எழுதினாள். சிவப்பு இத்தனை, நீலம் இத்தனை, கறுப்பு இத்தனை என்று. எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும் இப்படி எழுதிவிடுவாள். பின்னால் யார் அடித்தாலும் அதே நிறம் வரவேண்டுமே என்பாள். பெயர் மட்டும் எழுத மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டெய்லரம்மாவிடமிருந்து போன் வந்தது. "நீ கொஞ்சம் வாம்மா" என்றார். குரல் சரியில்லை.

நாங்கள் அத்தானின் வண்டியில் போனபோது ஹாலில் எட்டு வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டெய்லரம்மாவின் அண்ணன் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். முந்தின நாள் தன் ஆட்களோடு வந்து எல்லாவற்றையும் தன் பரிசாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இருப்பதிலேயே நல்ல விளக்குகள். அந்த வெளிச்சத்தில் சுவர் ஊதாவாக இல்லை. அடுப்புச் சாம்பலில் நீலம் கலந்ததுபோல, காய்ச்சலில் கிடந்த முகம்போல இருந்தது. டெய்லரம்மா அந்தத் துணி நிறத்திலேயே தானே தைத்து அன்று காலை அறை வாசல்களில் மாட்டியிருந்த திரைச்சீலைகள் மட்டும் நல்ல ஊதாவாகவே இருந்தன. அதனால் சுவர் இன்னும் செத்துத் தெரிந்தது.

அண்ணனும் அங்கேதான் இருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் பாப்பா. ஊதாவெல்லாம் படத்துல பார்க்கத்தான் நல்லா இருக்கும்" என்றார். ஐம்பத்தேழு வயதுத் தங்கையை அவர் இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். "கவலைப்படாதே. என்கிட்ட நாலு பேர் இருக்காங்க. நாளைக்கு ஒரே நாள்ல கிரீம் அடிச்சுக் கொடுத்துடுவாங்க. ஞாயித்துக்கிழமை நீ நிம்மதியா வந்துடலாம்."

டெய்லரம்மா துணித்துண்டை விரலில் சுற்றி அவிழ்த்து, சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்படியே செஞ்சுடலாமாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அனுமதி கேட்பதுபோல. நாளைக்குக் கிரீம் அடித்துவிட்டால், இந்த வீடும் அண்ணன் வீட்டின் பின்னறைதான்.

நான் அக்காவை இடித்தேன். "பல்புதான் பிரச்சினை. மாத்தச் சொல்லு."

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. வண்டிக்குப் போய் அந்தப் பழைய பலகையைக் கொண்டுவந்தாள். வெள்ளை விளக்கின் கீழே வைத்தாள். பலகையும் சாம்பல். துணியை வாங்கி அதன்மேல் வைத்தாள். இப்போது துணி தொலையவில்லை. பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. பலகையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"தப்பு என்னோடதுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அண்ணன்.

"இல்லைங்க. ஊதா தப்பு இல்லை. நான் கலந்தது தப்பு. இந்த ஹாலை நான் என் பல்புலதான் பார்த்தேன். இங்க என்ன வெளிச்சம் வரப்போகுதுன்னு கேட்கலை. எனக்கு ஒருநாள் கொடுங்க. நாளைக்குச் சாயங்காலம் உங்க விளக்கையே போட்டுப் பாருங்க. சரியில்லைன்னா நானே கிரீம் அடிச்சுக் கொடுக்கறேன்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை துணியைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கிரீம் டின்னோடதான் வருவேன்" என்றார் அண்ணன்.

வண்டியில் ஏறியதும் நான் ஆரம்பித்துவிட்டேன். "உனக்குக் கிறுக்கா? எட்டு பல்பைக் கழட்டிட்டு மஞ்சள் பல்பு மாட்டினா முடிஞ்சுது. தப்பு என்னோடதுன்னு நீயே போய்த் தலையைக் கொடுக்கறே."

"இன்னைக்கு மாட்டிடலாம். ரெண்டு வருஷம் கழிச்சு அது ஃப்யூஸ் ஆகும். அப்ப அந்தம்மா கைக்குக் கிடைச்சதை மாட்டும். அப்ப மறுபடி சாம்பலாகும். பல்புக்கு பயந்துக்கிட்டு இருக்கறது ஒரு நிறமா?"

அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார். "நம்ம வீட்ல நான் ஒருதடவை வெள்ளை பல்பு வாங்கிட்டு வந்தேன். வாசல்லயே நிறுத்தி, போய்க் கொடுத்துட்டு வான்னு அனுப்பிட்டா. ஏன்னு நானும் கேட்கலை."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தான் வேடிக்கையாகச் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது ஊதாவும் மஞ்சள் வெளிச்சத்திலேயே வளர்ந்தவை. ஹாலுக்கு அவள் கலந்தது எங்கள் சாமான் அறை ஊதாவின் கணக்கு. ஆழம் வரவேண்டும் என்று கறுப்பு மை சேர்த்த கலவை. மஞ்சள் பல்பு அந்தக் கறுப்பின்மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக் காட்டும். வெள்ளை விளக்கு கம்பளியை உருவிவிடும். கடையில் இருந்த நாட்களில் யாராவது ஊதாவில் கறுப்புக் கேட்டால் வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறவள் அவள். தன் வீட்டுச் சுவரைத் தினமும் பார்த்துப் பார்த்து, அதில் கறுப்பு இருப்பதையே மறந்துவிட்டிருக்கிறாள்.

தன்னைத்தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவெல்லாம் அவளுக்குத் தெரியாது. "வண்டியை எலெக்ட்ரிக்கல் கடைக்கு விடுங்க" என்றாள்.

அண்ணன் அப்போதுதான் கடைக்குத் திரும்பியிருந்தார். எங்களைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்த வீட்ல மாட்டினீங்களே, அதே விளக்கு ஒண்ணு வேணும்" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"உங்க விளக்குல நல்லா இருக்கணும்ல. அதுக்கு உங்க விளக்குலதானே கலக்கணும்."

தன்னைத் திட்ட அவள் வந்திருப்பதாக நினைத்திருப்பார்போல. மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, எரிகிறதா என்று மாட்டிப் பார்த்து, துடைத்துக் கொடுத்தார்.

"பெயிண்டரம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? வேற யாராவது இருந்தா என் பல்பைத்தான் குறை சொல்லியிருப்பாங்க."

"பல்பு என்ன பண்ணும்? இருக்கறதைக் காட்டிச்சு."

பழைய பெயிண்ட் கடையின் ஒரு மூலையை முதலாளி அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் வெள்ளை விளக்கு, இன்னொரு பக்கம் மஞ்சள் பல்பு. நடுவில் டெய்லரம்மாவின் துணி. கறுப்பை அறவே விட்டுவிட்டாள். சிவப்பைக் கூட்டினாள். நிறம் எழுந்து நின்று கூத்தாடியது. அதை அடக்க வேண்டும். அவள் மஞ்சள் மையை எடுத்தபோது நான் பயந்துபோய்க் கையைப் பிடித்தேன்.

"ஊதாவுல மஞ்சளா?"

"கறுப்பு இருட்டாக்கும். மஞ்சள் அடக்கும். கையை விடு, சொட்டு கூடிடப் போகுது."

ஏழு பலகை போனது. ஒன்று வெள்ளையில் சரி, மஞ்சளில் செங்கல். ஒன்று மஞ்சளில் சரி, வெள்ளையில் ரோஸ் பல்பொடி. எட்டாவது பலகையைக் காயவைத்து இரண்டு விளக்குக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனாள். துணியை மேலே போட்டாள். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "துணி எங்கம்மா?" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அன்றைய முதல் டீயைக் குடித்தாள். டீ எப்போதோ ஆறியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஹாலில் இருந்தோம். திரைச்சீலைகளைக் கழற்றி மடித்து வைத்தேன். அது ஒன்றுதான் என்னிடம் அவள் நம்பிக் கொடுத்த வேலை. ரோலர் அவள் கையில் மேலும் கீழும் போகும்போது ஒரு சத்தம் வரும், ஈரமான முத்தம்போல. முதல் கோட் பத்து மணிக்கு முடிந்தது. அது காயும்வரை அவள் சுவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத கடல் இல்லை என்று பீற்றிக்கொள்வேன். எந்தக் கடலையும் அந்த அளவுக்கு நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. மத்தியானம் இரண்டாவது கோட். நான்கு மணிக்கெல்லாம் தொட்டால் கையில் ஒட்டவில்லை. திரைச்சீலைகளை மறுபடி மாட்டினோம். டெய்லரம்மா வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். "அண்ணன் வரட்டும்" என்றார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் சொன்னபடி கிரீம் டின்னோடுதான் வந்தார். பெரிய டின். அதை ஹால் நடுவில் தொப்பென்று வைத்துவிட்டு, தானே போய் ஸ்விட்சைப் போட்டார்.

எட்டு விளக்கும் எரிந்தன.

சுவர் ஊதாவாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. சாம்பலும் இல்லை, கூச்சலும் இல்லை. திரைச்சீலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று மடிப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நல்ல துணியால் தைத்த ஓர் அறைக்குள் நிற்பதுபோல இருந்தது. அக்கா அந்த எட்டையும் அணைத்தாள், தன் மஞ்சள் பல்பைப் போட்டாள். கொஞ்சம் கதகதப்பானது. அதே ஊதாதான். மறுபடி வெள்ளை. அதேதான்.

டெய்லரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். துணித்துண்டைச் சுவரில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "கலர் சரியாத்தான் இருக்கு. குறை சொல்ல முடியாது. ஆனா பாப்பா, யோசிச்சுப் பாரு. வயசாகப் போகுது. கண்ணு மங்கும். கிரீம்னா கொஞ்சம் வெளிச்சமா..."

"அண்ணா."

டெய்லரம்மா திரும்பாமலே கூப்பிட்டார். சுவரிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"முப்பது வருஷம் உன் வீட்ல இருந்தேன். ஒரு நாள்கூட நீ முகம் சுளிச்சதில்லை. ஆனா என் ரூமுக்கு என்ன கலர் வேணும்னு ஒரு நாளும் கேட்டதில்லை. இப்ப கேளு."

அண்ணன் விளக்குகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடைக்கு வருகிறவர்களிடம் மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர். கடைசியில் கேட்டுவிட்டார். "என்ன கலர் வேணும் பாப்பா?"

"இது."

"சரி."

டின்னைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதா, அங்கேயே விடுவதா என்று தெரியாமல் அவர் அதன் கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். அக்கா மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த கிரீமைக் கொண்டுபோயிடாதீங்க. எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"சீலிங்குக்கு. வெள்ளைச் சீலிங்கும் உங்க விளக்கும் சேர்ந்து கண்ணைக் கூசுது. கிரீம் அடிச்சா வெளிச்சம் மெத்துன்னு இறங்கும். நேத்தே தோணுச்சு, டின்னு நீங்க கொண்டுவர்றீங்களேன்னு விட்டுட்டேன்."

அவர் நம்பலாமா என்பதுபோல அவளைப் பார்த்தார். அது மெய்தானா, அவர் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதா என்று நான் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "சீலிங்கைப் பார்த்தியா இல்லையா?" என்பதற்குமேல் அவள் எதுவும் சொல்ல மாட்டாள். பார்த்தேன். அங்கே கிரீம்தான் சரி.

அன்று மாலையே அத்தானும் அக்காவும் ஏணி போட்டுச் சீலிங்கை ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஏணியைப் பிடித்தார். சுவரில் தெறிக்காமல் இருக்கத் தானே செய்தித்தாள் ஒட்டினார். "சுவரு பத்திரம், சுவரு பத்திரம்" என்று அத்தானை அவர் விரட்டிய விரட்டில் அத்தானே அலுத்துப்போய், "ஏங்க, இது யாரு அடிச்ச சுவரு?" என்றார்.

கிளம்பும்முன் அக்கா அலமாரிக் கதவைத் திறந்தாள். புதன்கிழமை எழுதிய கலவை அங்கே இருந்தது. அழித்துவிடுவாள் என்று நினைத்து ரப்பரை நீட்டினேன். வாங்கவில்லை. பழையதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்தில், 'கறுப்பு சேர்த்தேன், தப்பு. வெள்ளை விளக்கில் சாம்பலாகும்' என்று எழுதினாள். கீழே புதிய கலவையை எழுதினாள்.

டெய்லரம்மா தோளுக்குமேல் எட்டிப் படித்தார். "தப்பை எதுக்கும்மா எழுதறே? யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்து இந்தச் சுவரை அடிக்கிறவங்களுக்குத் தெரியணும்ல."

"சரி, அது இருக்கட்டும். பேரு எங்க?"

"நான் பேரு எழுதறதில்லை டெய்லரம்மா. ஒரு சுவருக்கெல்லாம் என்ன பேரு."

"இது ஒரு சுவரா?"

அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எங்கேயோ பார்த்தாள். டெய்லரம்மா கைப்பையைத் திறந்து துழாவி, துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தார். கலவைக்குக் கீழே, கதவின் அகலத்துக்கு, அளவெடுத்ததுபோல நேர்க்கோட்டில் என் அக்காவின் முழுப்பெயரையும் எழுதினார். நான் அவள் தங்கை. ஏணி, டின், வண்டி, பலகை என்று எல்லா இடத்திலும் அவளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் அவள் பெயரைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லி நான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

உள்ளே அக்காவின் குரல் கேட்டது. "சாக்கட்டி டெய்லரம்மா. நாலு தடவை கதவைத் திறந்து மூடினா அழிஞ்சிடும்."

"அழிஞ்சா மறுபடி எழுதுவேன்" என்றார் டெய்லரம்மா. "என் வீடுதானே."